கம்பி கழன்ற சுவர்

மான்செஸ்டரின் அந்தச் சந்தில் எந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை டபிதாவிடம் கேட்டால் போதும். அவள் ஜன்னலுக்கு எதிரே ஐந்து மாடிப் பஞ்சுக் கிடங்கு, வானத்தை மறைத்து நிற்கும் செங்கல் மலை. சுவரில் வரிசையாக இரும்பு நட்சத்திரங்கள். அலங்காரம் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கிடங்கின் குறுக்கே ஓடும் கம்பிகளின் முனைகள் அவை. இருபக்கச் சுவர்களும் வெளியே சாயாமல் இழுத்துப் பிடிப்பவை.

செவ்வாய் காலை, மூன்றாம் மாடி நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு குருவி புகுந்தது. நேற்றுவரை அங்கே கத்திமுனைகூட நுழையாது. கீழே சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. அந்தக் கிடங்கின் தரைத்தளத்தில் பொதி சுமப்பவன் அவள் புருஷன் ஜெத்ரோ.

நேரே கிடங்கு மேஸ்திரி கிரிம்ஷாவிடம் போனாள். "மூணாவது மாடியில என்னய்யா பண்ணினீங்க? சுவரு வெளிய தள்ளுது!"

"குறுக்க ஒரு கம்பி, பொதி அடுக்க விடல. கழட்டிட்டோம். ரெண்டடி கனச் சுவரும்மா, உன் வீட்டு அட்டைச் சுவர் இல்ல!"

உள்ளேயிருந்து ஜெத்ரோ கத்தினான்: "போன மாசம் பாதிரியார் பால்காரியோட ஓடிட்டார்னு இவதான் சொன்னா. மனுஷன் சளி புடிச்சுப் படுத்திருந்தார்!"

கிடங்கே சிரித்தது. பாதிரியார் கையில் பெட்டி இருந்ததை இவள் கண்ணால் பார்த்தாள். அது வேறு கதை.

உண்மை எடுபடவில்லை. டபிதா தன் கைவந்த கலைக்குத் திரும்பினாள். பணியாரக்காரியின் காதில் ஓதினாள்: "எகிப்துப் பொதியில பெரியம்மையாம். பிரிச்சவன் மூஞ்சி பூராக் கொப்பளம். யாருக்கும் சொல்லிடாதடி."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கிடங்கிலிருந்த அத்தனை பேரும் முண்டியடித்து வெளியே ஓடிவந்தார்கள், மேஸ்திரிதான் முதலில். டபிதாவுக்கு மூச்சு வந்தது.

ஆனால் சந்தின் அகலம் எட்டடி. வெளியே வந்தால் அவர்கள் எப்போதும் செய்வதைத்தான் செய்தார்கள்: கிடங்குச் சுவரில் முதுகைச் சாய்த்துப் புகைக்குழாயை எடுத்தார்கள்.

"ஐயோ, அங்க நிக்காதீங்க! சுவரு!"

"அம்மை போயி சுவர் வந்துருச்சுடா!" என்றான் ஒருவன்.

டபிதா ஓடிப்போய் ஜெத்ரோவின் கையைப் பற்றி இழுத்தாள். அவன் தோளில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. தட்டிவிட்டான், மறுபடி உதிர்ந்தது.

"இருடி, பத்த வச்சுட்டு வரேன்," என்று தீக்குச்சியைச் சுவரில் உரசினான்.

மேலே ஒரு செங்கல், ஆடும் பல்லைப்போல, மெல்ல வெளியே வந்தது.