பன்னிரண்டு சென்டிமீட்டர்

தொழிற்சாலையில் அவருக்கு அரைநூல் என்று பெயர். பூட்டோ தாழ்ப்பாளோ அரை நூல் அளவு பிசகியிருந்தாலும் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். தரப் பரிசோதகர் வேலையில் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. அவர் கையெழுத்தோடு வெளியே போன ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. வீட்டில் உப்பு குறைந்தால்கூட வாய் திறக்காத மனிதர், இதை மட்டும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவருடைய மேசைமேல் ஒரு பெட்டி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

உள்ளே கைவிலங்குகள். ஒரு வருடமாகப் பூட்டோடு சேர்த்து அதையும் செய்கிறார்கள். எல்லாம் கடல் தாண்டி இருக்கும் ஒரு நாட்டு அரசாங்கத்துக்குப் போகிறது. அந்த நாட்டைப் பற்றிச் செய்தித்தாளில் நல்லதாக எதுவும் வருவதில்லைதான். ஆனால் விலங்கு என்றால் திருடனுக்குத்தானே போடுவார்கள் என்று அரைநூல் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தார். பெட்டியோடு வந்த கடிதத்தில் இரண்டே வரி. 'மாட்டிய பிறகு கை உருவிக்கொள்கிறது. சரிசெய்து அனுப்பவும்.'

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் சரியாக இருந்தது. வளையத்தைப் பூட்டும் பற்கள் தேயவில்லை. தன் கையிலேயே மாட்டிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இழுத்தார். தோல்தான் சிவந்தது.

மேனேஜர் கதவருகில் நின்று சிரித்தார். "மண்டையை உடைச்சுக்காதீங்க. நம்ம பொருள்ல குத்தம் இல்லியாம். இப்ப சுத்தளவு பதினஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் இறுகுதில்ல, அது பன்னெண்டு வரைக்கும் இறுகணுமாம். இன்னும் நாலு பல் கூட வெட்டினா முடிஞ்சுது."

"பன்னெண்டா? அவ்வளவு ஒல்லியா யாருக்கு சார் கை இருக்கும்?"

"யாருக்கோ இருக்கும். நமக்கெதுக்கு அது? அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல். உங்க கையெழுத்து இல்லாம ஒரு பெட்டியும் நகராது, ஞாபகம் வச்சுக்கோங்க."

குற்றம் தன்மேல் இல்லை என்றதும் அரைநூலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்றதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

மாலையில் வீடு திரும்பியபோது, கீழ்வீட்டுத் தையல்கார அக்கா படிக்கட்டருகே காத்திருந்தார். கழுத்தில் அளவு டேப், கையில் ஒரு தாள். அந்த அம்மாள் அதே நாட்டிலிருந்து உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடி வந்தவர். தங்கை குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் அங்கே போலீஸ் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு போக, அவரை விடச் சொல்லிப் பிள்ளைகள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் தங்கை மகளும் ஒருத்தி.

"உங்க பொண்ணு வயசுதான் தம்பி அவளுக்கு. இவளுக்கு வெட்டற அளவுலயேதான் அவளுக்கும் சட்டை வெட்டி அனுப்புவேன். எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல." அக்கா தாளை நீட்டினார். "அந்த அரசாங்கத்துக்கு எதையும் விக்காதீங்கன்னு உங்க அரசாங்கத்துக்கு எழுதியிருக்கோம். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

அரைநூல் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். எதையும் விற்காதீர்கள் என்ற வரியில் கண் ஒரு நிமிடம் நின்றது. "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு அக்கா. ஆனா அது உங்க நாட்டு விஷயம். வெளியில இருக்கற நாங்க தலையிட்டா நல்லா இருக்குமா?"

"எந்த நாட்டுக்காரங்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க," என்று அக்கா தாளை மடித்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அரைநூலுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுவாரம் வியாழக்கிழமை புது விலங்குகள் பெட்டி பெட்டியாகத் தயாராகிவிட்டன. கருவியில் வைத்துப் பார்த்ததில் அளவு கச்சிதம். ஆனாலும் அரைநூலுக்குக் கருவி சொன்னால் போதாது. மெலிந்த கை ஒன்றில் மாட்டிப் பார்த்தால்தான் நிம்மதி. தொழிற்சாலையில் எல்லோருக்கும் உலக்கை உலக்கையாகக் கை. எனவே பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"கொஞ்சம் கையை நீட்டேன்," என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்ககிட்ட மாட்டிக்கிட்டது போதாதாக்கும்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

அவர் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பையைத் திறந்து விட்டிருந்தாள். பழைய விலங்கை மணிக்கட்டில் மாட்டிப் பூட்டி, கையைக் குவித்து, வளையலைக் கழற்றுவது போல உருவி எடுத்தாள். பிறகு புதியதை மாட்டினாள். பற்கள் கடகடவென்று இறங்கி நின்றன. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அப்பா, பழசு நிக்கவே இல்ல. இது கரெக்டா இருக்கு. எனக்குன்னே செஞ்சியா?"

அரைநூல் சாவியைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்த சாவி கைக்கு அகப்படவில்லை. ஒருவழியாக எடுத்துத் திறந்தார். மகளின் மணிக்கட்டில் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே நின்றார். 'கை உருவிக்கொள்கிறது.' எந்தக் கை என்று பத்து நாளாக அவர் யோசிக்கவே இல்லை.

விலங்கோடு நேராகக் கீழே இறங்கினார்.

"அக்கா, உங்க தங்கச்சி பொண்ணை எப்படிக் கூட்டிட்டுப் போனாங்க?"

அக்கா மிஷினை நிறுத்தினார். "பாத்தவங்க சொன்னாங்க. முதல்ல விலங்கு மாட்டினாங்களாம். சின்னப் பிள்ளைங்க பாருங்க, கைல நிக்காம கழண்டு கழண்டு விழுந்துச்சாம். அப்புறம் கயித்தால கட்டி லாரியில ஏத்தினாங்களாம்."

அவர் கையிலிருந்ததைத் தையல் மிஷின்மேல் வைத்தார். "இனிமே கழண்டு விழக்கூடாதுன்னு இதைச் செஞ்சிருக்கோம் அக்கா. பழசுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினதும் நான்தான்."

அக்கா அதைத் தொடவில்லை. அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்த அந்தத் தாளை எடுத்து, அவர் முன்னால் வைத்தார். அரைநூல் கையெழுத்துப் போட்டார். அக்கா நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் பரிசோதனைப் படிவத்தைத் தானே கொண்டு வந்தார்.

"சீக்கிரம் போடுங்க. லாரி நிக்குது."

"போட மாட்டேன் சார்."

மேனேஜர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். அரைநூல் மகளின் கையைப் பற்றிச் சொன்னார். லாரியில் ஏற்றப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க போடலைன்னா தலைமை ஆபீஸ்ல இருந்து வேற ஆள் வந்து போடுவான். உங்க வேலைதான் போகும். அது அவங்க நாட்டு விஷயம்யா. நமக்கு என்ன வந்துச்சு?"

"போன வாரம் நானும் அக்காகிட்ட இதையேதான் சொன்னேன்." அரைநூல் குரலை உயர்த்தவில்லை. "விஷயம் அவங்களுது, விலங்கு மட்டும் நம்மளுதுன்னா எப்படி சார்? அங்க ஒரு அரசாங்கம் பிள்ளைங்களைப் பிடிச்சுக் கட்டுது. அவங்க பாடுன்னு இங்க நாம முகத்தைத் திருப்பிக்கிறோம். உலகம் பூரா இப்படித் திருப்பிக்கிறதாலதான் அவங்களுக்கு அந்தத் தைரியம் வருது. பேசாம இருக்கறவனும் சேர்ந்துதான் சார் அந்த விலங்கை மாட்டறான். வேலை போனா போகட்டும்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'நிராகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறி போட்டார். அதற்குக் கீழே, குறைபாடு என்ன என்று கேட்டிருந்த இடத்தில், பதினெட்டு வருடத்துப் பழக்கம் மாறாமல் நிதானமாக, திருத்தமான கையெழுத்தில் எழுதினார்:

'குறைபாடு எதுவும் இல்லை. குழந்தையின் கைக்குச் சரியாகப் பொருந்துகிறது.'