இரண்டு கிலோமீட்டர் நடைவழி

அந்த வருடம் 'அப்பா' என்கிற ஒற்றைச் சொல்லின் விலை, போகவர நான்கு கிலோமீட்டர் நடையாக இருந்தது. அதற்கு முந்தைய வருடம் வரை துணிக்கடைக்காரர் வீட்டில் அந்தச் சொல் கொசுறாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. பல் துலக்கும்போது நுரையோடு ஒன்று, ஷூ லேஸ் சிக்கிக்கொண்டால் ஒன்று, காரணமே இல்லாமல் நாலைந்து. கொட்டிக் கிடந்தவரை அதை யாரும் சரக்காகவே மதிக்கவில்லை. மகளுக்குப் பதின்மூன்று வயது ஆன வாரத்தில் வரத்து நின்றது, விலை ஏறியது.

கடை கீழே, வீடு மேலே. படியேறினால் ஹால், அதன் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் பெரியவர்களின் படுக்கையறை, நேரெதிரே ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு நடைவழி. நடைவழியின் கடைசியில் மகளின் அறை. துணிக்கடைக்காரர் வாங்குவதிலும் விற்பதிலும் கறாரான ஆள் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு இரண்டே விதிகள். எவர் எந்த விலை சொன்னாலும் பாதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் சொல்கிறவர்கள் மீதிப் பாதியைச் சும்மா சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அடுத்தது, படியிறங்கிப் போகிற வாடிக்கையாளரைக் கூப்பிடக் கூடாது. யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவருக்கு நஷ்டம். முதுகைப் பார்த்தே ஆள் திரும்புமா திரும்பாதா என்று சொல்லிவிடுவார். உண்மையாகவே போகிறவர் விறுவிறுவென்று போய்விடுவார். மனசைக் கடையில் விட்டுவிட்டுப் போகிறவருக்குத்தான் செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகும், குடை விரிய மறுக்கும், பையின் வார் தோளில் நிற்காது. அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். ஆள் திரும்பும். இந்த இரண்டு விதிகளை வைத்துக் கடையை நடத்தியவர், வேறு விதி தெரியாததால் வீட்டையும் அவற்றை வைத்தே நடத்தினார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் கை கொஞ்சம் தாராளம். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வருகிறவர்களிடம், "வளர்ற பிள்ளைங்க. அரை மீட்டர் கூட எடுத்து உள்ளே மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க, அப்புறமா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். அந்த அரை மீட்டருக்குக் காசு வாங்க மாட்டார். அப்படியே பழக்கிவிட்டால் பிள்ளை வளர்ந்த பிறகும் இங்கேதான் வருவார்கள் என்பது அவர் கணக்கு. அது பலிக்கவும் செய்தது.

சண்டை ஒன்றுமில்லாத விஷயத்தில் ஆரம்பித்தது. மகள் குறைமாதத்தில், ஒரு முழத்துக்குச் சற்று மேலே பிறந்தவள். அன்றைக்கே அவர் அவளுக்குக் 'கட்பீஸ்' என்று பட்டம் சூட்டிவிட்டார். முழுச் சுருளில் கடைசியாக மிஞ்சுகிற துண்டு. அதைத்தான் கடைக்காரர்கள் விற்காமல் தங்கள் வீட்டுக்கு எடுத்துவைப்பார்கள். அவளும் பன்னிரண்டு வருடம் அந்தப் பெயருக்கு ஓடிவந்தாள். பதின்மூன்றாவது பிறந்தநாள் கழிந்து இரண்டு நாளில், பள்ளித் தோழிகள் மூன்று பேரோடு கடைக்குள் வந்தபோது, உள்ளேயிருந்து அவர், "வாடா கட்பீஸ்!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினார். தோழிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்க."

"சரி, பாதியா வெச்சுக்கலாம். 'கட்'னு கூப்பிடறேன்."

அவள் படியேறிப் போனாள். அவர் விதிப்படி கூப்பிடாமல் நின்றார். அன்று நடைவழி ஒரு மீட்டர் நீண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதைக் கேட்டாலும் அவர் பாதியில் இருந்து ஆரம்பித்தார். தோழி வீட்டில் நாலு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள், இரண்டு என்றார். முடியைத் தோள்வரை வெட்டிக்கொள்கிறேன் என்றாள், அதில் பாதி என்றார். "பாதின்னா எப்படி, ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கணுமா?" என்று அவள் கேட்டாள். விஷயம் என்னவென்றால், அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரம்தான். அவளுக்கு வியாபாரம் தெரியாது. அவளுடைய அப்பாவுக்கோ அது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி நடந்தாள், அவர் கூப்பிடாமல் நின்றார், நடைவழி வளர்ந்தது.

முதலில் கண்டுபிடித்தது தேநீர். மகளின் அம்மா ஆவி பறக்கக் கொண்டுபோன கோப்பை, அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆடை கட்டியது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீளமான வார்டுகளில் இருபது வருடம் நடந்தவர், ஆகவே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போடுகிற வெள்ளை ஷூவை வீட்டிலும் போட்டுக்கொண்டார், தேநீருக்கு ஒரு பிளாஸ்க் வாங்கினார், வேலை முடிந்தது. அந்த நடைவழி ஆளுக்கு ஆள் வேறு நீளமாக இருந்தது. அம்மாவுக்கு அரை கிலோமீட்டர். தோழிகளுக்கு அதே பழைய ஐந்து மீட்டர். மகளுக்கும் ஐந்தே மீட்டர்தான். தினமும் பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்து படியிறங்கிப் போனாள், அப்பாவைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைத்தாள். துணிக்கடைக்காரருக்கு மட்டும் மகளின் கதவு, தூரத்தில் தைத்த சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது.

அவர் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்ல மாடிப்படி. பையனுக்குப் பதினாலு வயசுல கிடுகிடுன்னு ஏறிடுச்சு. லிஃப்ட் போடலாமான்னுகூட ஆள் கூட்டிட்டு வந்து கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"இத்தனை மாடிக்கு எங்ககிட்ட கயிறு இல்லைன்னுட்டான்."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

"ஏறினேன். வேற என்ன செய்யறது? முட்டிக்குத் தைலம் தரவா? உங்களுக்குன்னா பத்து சதவீதம் குறைச்சுக்கறேன்."

"பாதி விலைக்குக் குடுங்க" என்றார் துணிக்கடைக்காரர், வாய் தானாகச் சொன்னது.

குறுக்குவழி ஒன்று இருக்கத்தான் செய்தது. வெளியில் இருந்து பார்த்தால் வீடு வளரவே இல்லை. மகளின் ஜன்னல் கடைப் பெயர்ப்பலகைக்கு மேலே வழக்கமான இடத்திலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பலகை மாட்டுகிற ஏணியைச் சாய்த்து, ஏறி, கண்ணாடியைத் தட்டினார். திரை விலகியது. அவரே பொறுக்கி எடுத்த, வெயிலுக்கு வெளுக்காத முதல்தரத் துணி.

"ஜன்னல் வழியா வர்றவங்களைத் திருடன்னு சொல்லுவாங்க, அப்பான்னு சொல்ல மாட்டாங்க. எனக்குன்னு ஒரு கதவு இருக்கு" என்றாள் மகள். திரை மூடிக்கொண்டது. முதல்தரத் துணி என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று நிழல்கூடத் தெரியவில்லை. கீழே மூன்று வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர்ப்பலகையைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு இறங்கினார்.

இப்படியே மழைக்காலம் போனது, பரீட்சை போனது, கோடை வந்தது. அவர் நடைவழியின் இந்த முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருக்கப் பழகிக்கொண்டார். விதியின் மீது அவருக்கு நம்பிக்கை இருந்தது. திரும்பாத வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை என்பது ஒன்று. திரும்பாதவர்களை எண்ணி வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை என்பது இன்னொன்று.

பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும்போது, மாலையில் கடை அடைத்து அவர் மேலே வந்த நேரம், மகள் ஹாலில் நின்றிருந்தாள். அம்மா மேசையில் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் நான் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். டீச்சர்கிட்ட பேசிட்டேன். இடம் இருக்காம்."

அவர் வாயைத் திறக்கவில்லை. இது உச்ச விலை என்று அவருக்குத் தெரியும். உச்ச விலைக்குப் பதில் மௌனம். அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பி நடைவழியில் இறங்கினாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்னங்க, அவ பேரம் பேசல. உங்ககிட்ட சொல்லிட்டுப் போறா."

அவர் மகளின் முதுகைப் பார்த்தார். தொழில் தெரிந்த கண். அவள் விறுவிறுவென்று போகவில்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனாள். தலைமுடியை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள், கட்டு நிற்கவில்லை, மறுபடி அவிழ்த்தாள். அடிக்கடி சுவரைத் தொட்டாள். வருடம் முழுக்க அவள் இப்படித்தான் நடந்திருக்கிறாள், அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பார்த்துத் திருப்தியோடு காத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். மனசை விட்டுவிட்டுப் போகிற நடை. கூப்பிட்டால் நின்றுவிடுகிற முதுகு. அது சிறிதாகி, உள்ளங்கை அளவாகி, பொத்தான் அளவானது. கதவு சாத்துகிற சத்தம் இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

துணிக்கடைக்காரர் அப்போது தொழிலுக்கு வந்தபின் முதல்முறையாகப் போகிற ஆளைக் கூப்பிட்டார். கட்பீஸ் என்று கூப்பிடவில்லை. பள்ளியில் சேர்த்தபோது கொடுத்த முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு நடக்கத் தொடங்கினார். "ஷூ போட்டுக்கங்க" என்று மனைவி சொன்னது காதில் விழவில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்தே பழகிய மனிதர். முதல் கால்மணி நேரத்திலேயே மூச்சு வாங்கியது. நடைவழியோடு சேர்த்துச் சுவரும் நீண்டிருந்தது. வருடாவருடம் மகளின் உயரத்தைப் பென்சிலால் அடுத்தடுத்துக் குறித்த கோடுகள் ஒன்றுக்கொன்று தெருவிளக்குத் தூரத்தில் இருந்தன. ஒரு வயதிலிருந்து அடுத்த வயதுக்கு அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். மூன்று வயதில் அவள் சிவப்பு மெழுகுப் பென்சிலால் கிறுக்கியது அவர் பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடிவந்தது. அன்றைக்கு அதற்காகத் திட்டியிருந்தார். இப்போது துணைக்கு அது மட்டும்தான் இருந்தது. வழியில் ஓரிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் மூடிய தண்ணீர் பாட்டிலும் இருந்தன. மனைவி வைத்தது. வாய் திறக்காமல் ஒருத்தி வருடம் முழுக்க இந்த வழியே தட்டும் பிளாஸ்கும் சுமந்திருக்கிறாள் என்பது அவருக்கு அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. ஏழு வயதுக் கோட்டுக்கும் எட்டு வயதுக் கோட்டுக்கும் நடுவில் இடது செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உங்கப்பன்."

கதவு திறந்தது. மகள் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள், கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"ஹால்லேருந்து."

"ஹால்லேருந்தா இப்படி வேர்க்குது? எவ்ளோ தூரம் உங்களுக்கு?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே."

அவள் எட்டி நடைவழியைப் பார்த்தாள். அவளுக்கு ஹாலும் இஸ்திரி மேசையும் இங்கிருந்தே தெரிந்தன. அவளுடைய முகம் மாறியது.

"நீங்க வரவே மாட்டேங்கறீங்கன்னு நெனச்சேன்."

"நீ திரும்பி வருவேன்னு நெனச்சேன்" என்றார் அவர். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க ஒத்திகை பார்த்ததைச் சொன்னார். "ஹாஸ்டலுக்குப் போகணும்னா போ. முழு வருஷமும். பாதி கேக்க வரல. கூப்பிடத்தான் வந்தேன். அங்கேருந்து கூப்பிட்டேன், கேக்கல."

அவள் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். கால்விரலில் தோல் உரிந்திருந்த இடத்தை, அம்மாவைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தாள்.

"எரியுதாப்பா?"

விலை அதிகம்தான். ஆனால் சரக்கு அசல். அவர் பேரம் பேசவில்லை.

ஹாஸ்டல் பேச்சை அந்த வருடம் யாரும் மறுபடி எடுக்கவில்லை. அவர் தினமும் கடை அடைத்ததும் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினார், நடைவழி புதுப் பருத்தித் துணியைப் போல ஒவ்வொரு நனைப்பிலும் சற்றுச் சுருங்கியது. நேராகச் சுருங்கியது என்று சொல்ல முடியாது. மகள் முடியைத் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்த அன்று அவர் வாய் தவறி ஏதோ சொல்ல, ஒரே இரவில் முந்நூறு மீட்டர் கூடியது. அவள் கணக்குப் பரீட்சையில் தோற்ற வாரம் ஒரு கிலோமீட்டர் கூடியது, அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அந்த வயதில் சில தூரங்கள் தாமாகவே வரும், அதையும் நடந்தார். அவருடைய இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது, மாத்திரை குறைந்தது. இதில் நஷ்டம் மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான். அவர் பெருந்தன்மையாக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

பதினெட்டு வயதில் மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போனாள். பெட்டியோடு படியிறங்கியபோது துணிக்கடைக்காரர் அவள் தெருமுனைக்குப் போகும்வரை இரண்டு முறை கூப்பிட்டார், இரண்டு முறையும் அவள் நின்றாள். "இப்ப என்னப்பா?" "ஒண்ணுமில்ல, போ." தெருவில் இதைப் பார்த்த வியாபாரிகள், ஆள் தொழிலை மறந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. பெயிண்டர் நடைவழியை அளந்துவிட்டு ஏழு மீட்டர் என்று கூலி சொன்னார். வீட்டு வரைபடத்தில் ஐந்து மீட்டர்தான் இருக்கிறது என்று அம்மா எடுத்துக் காட்டினார். பெயிண்டர் நாடாவை மறுபடி விரித்தார். ஏழுதான்.

"ரெண்டு மீட்டர் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. வேணும்னா அந்த ரெண்டை விட்டுட்டு அடிக்கிறேன்."

"வளர்ற பிள்ளைக்கு மடிச்சுத் தைச்சதுய்யா" என்றார் துணிக்கடைக்காரர். "பென்சில் கோட்டையும் சிவப்புக் கிறுக்கலையும் விட்டுட்டு மீதியெல்லாம் அடி." பாதியில் தொடங்காமல், சொன்ன கூலியை அப்படியே எண்ணிக் கொடுத்தார். ஐந்து மீட்டர் வீட்டுடையது, இரண்டு மீட்டர் மகளுடையது. கூட்டினால் ஏழு. கணக்கு சரி.