டில்லிபாபு அளந்த ஸ்பிரிங்குகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. 1991 ஆவணியில் சுங்குவார்சத்திரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒருவர் கிளச் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். கத்திரிக்காயைக்கூடப் பொறுக்கி வாங்கத் தெரியாத எனக்கு வயிறு எரிந்தது. டில்லிபாபு என்று நானே அவருக்குப் பெயர் வைத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் டில்லிபாபுவின் மனதைப் போலவே மந்தமாக...' சீ, வேண்டாம்.

2

டில்லிபாபு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். அளவு சரியில்லாத பொருளை ஒதுக்கித் தள்ளுவதுதான் வேலை. ஆடிக்குத் தாய்வீடு போன புதுப் பெண்டாட்டி ரத்னா, ஆவணி பிறந்தும் குன்றத்தூரிலிருந்து திரும்பவில்லை. கொண்டுபோய் விட்ட அன்று அவள் தெரு மேட்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் திணறியது. இன்ஜின் கத்தியதே தவிர, சக்கரம் இழுக்கவில்லை. ரத்னா பெட்டியோடு இறங்கி நடந்தாள். தெருவே பார்த்த அந்த வெட்கத்தில்தான் வரமாட்டேன் என்கிறாள், கிளச் சரியானால் வந்துவிடுவாள் என்று அவர் தீர்மானமாக நம்பினார்.

(பழைய வண்டி. மாமனார் கொடுத்ததா? ஐயோ, கதை சீர்வரிசைப் பக்கம் போய்விடும். அவரே வாங்கியது.)

3

"கிளச்சை செட்டா மாத்திடுப்பா," என்றார் கடைக்காரர் டென்னிஸ். "கார்க் பிளேட்டு கீது, ஃபைபர் கீது. இன்னா வோணும்?"

"பிளேட்டு தடிமன் கரெக்டா கீதுண்ணே, அளந்துட்டேன். ஸ்பிரிங்குதான் தளந்து குட்டையாயிடுச்சு. நாலும் ஒரே ஒசரத்துல குடு. இல்லாங்காட்டி பிளேட்டைக் கோணலா அழுத்தும்."

டப்பாவில் இருந்தவை இருபத்திரண்டு. பதினெட்டைத் தள்ளிவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தியா, ஸ்பிரிங்கு வாங்க வந்தியா?" என்றார் டென்னிஸ்.

4

முடிவு அ: வண்டி மேட்டில் ஜம்மென்று ஏறுகிறது, ரத்னா ஓடிவந்து... அட, நானே நம்பவில்லை.

முடிவு ஆ: வண்டி ஏறுகிறது. அதை மட்டும் நம்புகிறேன். வாசலில் நிற்கும் ரத்னாவிடம், "பாத்தியா? இனிமே நீ எறங்கவே வோணாம்," என்கிறார் பெருமையாக.

"நடந்தது கஷ்டமில்லய்யா," என்கிறாள் ரத்னா. "பெட்டியத் தூக்கிக்கினு பின்னாலயே வந்தேன். நீ மேல போயி குனிஞ்சு வண்டியத்தான் பாத்துக்கினு இருந்த. என்னை ஒரு தபா திரும்பிப் பாத்தியா?"

டில்லிபாபு வாயைத் திறக்கிறார். இங்கே அவருக்கு ஒரு வாக்கியம் வேண்டும். பத்து எழுதி அடித்துவிட்டேன். எல்லாமே கிளச்சைப் பற்றியே போகின்றன. எனக்கே அழுகை வருகிறது. நீங்கள் யாரிடமாவது அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள்தானே? கொஞ்சம் கொடுங்கள். ரத்னா இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.