பாட்டனின் கடைசிக் கதை

அந்த ஸ்பெயின்காரியை வாசலோடு திருப்பி அனுப்பியது அருளையாதான். அதுவும் ஒரு முறையல்ல.

லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு மாடி வீட்டில் படுக்கையாய்க் கிடந்த வயதான அம்மா, சிஞ்ஞோரா எலோயிசாவைப் பராமரிப்பது அவர் வேலை. சிஞ்ஞோராவின் பாட்டன் ஸ்பெயினில் பெரிய நாவலாசிரியராம். அவர் பெயரில் தெருவாம், சிலையாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் கதையைப் படித்துத்தான் சோதனை எழுதுவார்களாம். பாரிசவாதத்தில் வலக்கை விழுந்த பிறகும் மனுசன் விடவில்லை. இடக்கையால் கிறுக்கிக் கிறுக்கி ஒரு நாவல் எழுதினார். முடிக்குமுன் செத்துப்போனார். அச்சேறாத அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கட்டிலடியில் கிடந்தன. வேறு பிரதி கிடையாது.

"ஸ்பெயினிலை இருந்து ஒருத்தி வருவாள், அருளையா. பல்கலைக்கழகத்துப் பிள்ளை. தகரத்தை அவளிட்டைக் குடு. பாட்டன்ரை கதை ஊருக்குப் போகவேணும்."

"ஓம், சிஞ்ஞோரா."

வந்தவளோ முதுகில் பை தூக்கிய சின்னப் பெட்டை. பல்கலைக்கழக அட்டையை நீட்டினாள். அட்டையை யாரும் அடிக்கலாம். வன்னியில் அருளையாவின் காணி உறுதிப் பத்திரத்தை, நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்று வாங்கிப் போய் ஏமாற்றியவனும் அட்டையோடுதான் வந்தான். வந்த ஒவ்வொரு முறையும் "சிஞ்ஞோரா நித்திரை" என்று கதவைச் சாத்தினார். அவள் வந்ததைச் சிஞ்ஞோராவுக்குச் சொல்லவுமில்லை.

எதிர்வீட்டில் துப்புரவு வேலை செய்யும் நாகபூசணி சிரித்தாள். "அண்ணை, முருகன் வந்து நிண்டாலும் இஞ்சை இருக்க விசா இருக்கோ, பெர்மெஸ்ஸோவைக் காட்டு எண்டுவியள்."

"காட்டத்தானே வேணும். ஆர் கண்டது, எந்த முருகனெண்டு?"

"அவள் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டுக் கேட்டே மாசியில் சிஞ்ஞோரா கண்ணை மூடினார்.

மிலானிலிருந்து சிஞ்ஞோராவின் தம்பியின் மகன் வந்தான். காதில் போனை வைத்தபடியே புத்தகங்களை அள்ளிக் குப்பைக்குப் போட்டான். தகரத்துக்கும் அந்தக் கதிதான் என்று அருளையாவுக்கு விளங்கிவிட்டது. ஊரில் செத்தவர் உயிராய் வைத்திருந்த வெற்றிலைத் தட்டத்தையோ கண்ணாடியையோ பிரேதத்தோடு வைத்து அனுப்புவார்கள். தான் எடுத்துப்போனால் களவாகிவிடும். சவப்பெட்டி மூடுமுன் தகரத்திலிருந்த தாள்களை எடுத்துப் போர்வைக்கடியில், கால்மாட்டில் செருகினார். வேதக்காரர் பிரேதத்தை எரிக்க மாட்டார்கள், சிலுவை நட்டுக் கல்லறையில்தான் வைப்பார்கள். பளிங்குக் கல்லறையைவிடப் பத்திரமான இடம் ஏது? நம்பிக்கையான ஆள் வந்தால் திறந்து எடுக்கட்டும்.

அடுத்த கிழமை அவன் ஒரு சாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இதென்ன?"

"மாமிதான். எரிச்சாச்சு."

"நீங்கள் வேதக்காரர் எல்லே? எரிக்கிறேல்லையே!"

"இப்ப எரிக்கினம். தன்ரை பாட்டன்ரை கல்லறைக்குள்ளை தன்னையும் வைக்கச் சொன்னவ. ஸ்பெயினுக்குச் சாம்பலாக் கொண்டுபோறது லேசு."

அருளையா குனிந்து சாடியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

அவன் போன பிறகு வாசல் மணி அடித்தது. ஸ்பெயின்காரி. கேட்குமுன்னே அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"உள்ளை வா, பிள்ளை."

கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"சிஞ்ஞோரா செத்தது இப்பதான் தெரியும். அந்தத் தாள்கள்... இருக்கோ?"

அருளையா சாடியைக் காட்டினார்.

"சிஞ்ஞோராவும் தாள்களும், ரெண்டும் அதுக்குள்ளைதான். நான்தான் வைச்சனான்."

அவள் சாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அட்டை இன்னும் அவள் கையில் நீட்டியபடியே இருந்தது.