இல்லாத சிறுநீரகம்

முதல் நாள் சிகிச்சைக்கு வந்த சியெனி ஆன்ட்டியைக் கதிர்வீச்சு மேசையில் படுக்கவைத்து, தோலில் பச்சை குத்திய புள்ளிகளை லேசர் கோட்டோடு சேர்க்கும்போதுதான் தோரிகா அந்தத் தழும்பைப் பார்த்தாள். இடது விலாவுக்குக் கீழே முதுகுவரை ஓடியது. தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்துப் பதினோரு வருஷமாகிறது என்றாள் ஆன்ட்டி, சாதாரணமாக.

இரண்டு வாரத்துக்கு முன் ஆன்ட்டியின் கணையப் புற்றுக்குக் கதிர்வீச்சுத் திட்டம் போட்டவள் தோரிகாதான். திரையில் இரண்டு சிறுநீரகங்கள் இருந்தன. ஆன்ட்டியை இறக்கி வெளியே உட்காரவைத்துவிட்டுத் திட்ட அறைக்கு ஓடினாள்.

ஸ்கேன் படங்களில் கல்லீரல் எது, குடல் எது என்று ஒவ்வொன்றாகச் சுற்றிக் கோடு போட முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் பிடிக்கும். இப்போது கணினி மூன்று நிமிடத்தில் போட்டுவிடுகிறது. பார்த்துச் சரி சொல்வதுதான் மனிதர் வேலை. மனிதருக்குச் சிறுநீரகம் இரண்டு என்று அதற்குப் பழக்கியிருந்தார்கள். இடது பக்கம் தேடிக் கிடைக்காமல், அங்கே சரிந்து கிடந்த குடல் வளையத்தைச் சுற்றி வழவழவென்று கோடு போட்டிருந்தது. இரண்டு சிறுநீரகத்துக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் கதிர் வரம்புக்குள்தான். அந்தத் திட்டப்படி கொடுத்திருந்தால் உண்மையில் இருக்கும் ஒன்று வெந்து போயிருக்கும்.

ஆக்லாந்தில் இருபது வருஷம் பேர் வாங்கியவரும், திட்டங்களுக்குக் கடைசி ஒப்புதல் கொடுப்பவருமான டாக்டர் பிரிங்கிள் வந்து திரையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் தொண்ணூறு பேருக்குச் சரியா போட்டிருக்கு. அழிச்சிட்டு வேற திட்டம் போடு. மிஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிடு. அந்தம்மாவ எதுக்குப் பயமுறுத்தணும்?"

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை. தோரிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணாவது ஆள் வெளிய உக்காந்திருக்காங்க டாக்டர். படத்த ஒரு தடவையாவது உருட்டிப் பாத்தீங்களா?"

அவர் ஒப்புதல் பட்டியலைத் திறந்து காட்டினார். அவர் பெயருக்கு மேலே அவள் பெயர். பதினான்கு உறுப்புகளுக்கும் சேர்த்து நாற்பது விநாடியில் சரி சொல்லியிருந்தாள். அவரைத் திட்ட எடுத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அவளுக்கும் பொருந்தியது. அதனால் கோபம் குறையவில்லை, இரட்டித்தது.

வெளியே போய் ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யார் பார்த்தது என்று ஆன்ட்டி கேட்டாள்.

"மொதல்ல நான்தான் ஆன்ட்டி. பாக்காமலே சரின்னுட்டேன்."

"ரெண்டு ஃபாரத்துல எழுதிக் குடுத்தேன். வாயாலயும் சொன்னேன்." ஆன்ட்டி குரலை உயர்த்தவில்லை. "என் தம்பி உடம்புல இருக்கறத எனக்குள்ள வரைஞ்சு வெச்சிருக்கீங்க."

கையாலேயே வரைந்து வைக்கிறேன், வியாழக்கிழமை வாருங்கள் என்றாள் தோரிகா.

"வியாழக்கெழம வரைக்கும் உன்ன எத வெச்சு நம்புறது? இப்பவே வரை. பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

திட்ட அறைக்குள் நோயாளிகளை விடுவதில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பிரிங்கிள் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார்.

"நகருங்க டாக்டர்," என்றாள் தோரிகா. தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள்.