சுவரில் ஒட்டிய ஐம்பத்திரண்டு விநாடி

பூந்தமல்லி தாண்டி இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில், லேப் உதவியாளர் ஜம்புலிங்கம் தம் வாழ்நாளில் ஒரே ஒரு ஆராய்ச்சிதான் செய்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஆய்வுக் குழு வரவிருந்த காலையில், ஐந்து குதிரைத்திறன் டீசல் எஞ்சின் கிளம்ப மாட்டேன் என்றுவிட்டது. அதற்காக ஆராய்ச்சி நிற்குமா? கேன்டீனில் ஒரு டீ ஆறுவதற்குள் அளவுகள் மொத்தத்தையும் எழுதி முடித்தார். முழுச் சுமையில் பத்து மில்லி டீசல் தீர ஐம்பத்திரண்டு விநாடி. குழு பாராட்டிவிட்டுப் போனது; பின்னால் வந்த இரண்டு குழுக்களும் பாராட்டின. கல்லூரி அதை லேமினேட் செய்து சுவரில் ஒட்டியது.

அவ்வளவு சிக்கனமான எஞ்சின் பூமியில் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கிய பதினோரு பேர் தினமும் அந்தச் சுவரைக் கடந்தார்கள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எஞ்சினை ரிப்பேர் செய்தும் யாரும் தொடவில்லை. பிள்ளைகள் சுவரைப் பார்த்து எழுதித் தேறினார்கள். ஜம்புலிங்கம் மட்டும் குற்ற உணர்ச்சியில் வாரம் ஒரு முறை எஞ்சினைத் துடைத்து வைத்தார்.

செய்முறைத் தேர்வில் எழிலரசியின் முறை வந்தது. பருத்திப்பட்டுப் பெண். இந்தப் பாடம் ஒன்று தேறிவிட்டால் திங்கட்கிழமை அம்பத்தூர் கம்பெனியில் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பார்த்து எழுதிவிட்டுப் போகாமல், அவள் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைத் திறந்து, கைப்பிடியைச் சுழற்றி, எஞ்சினைக் கிளப்பியே விட்டாள். பிரேக் கயிற்றில் முழு எடையை ஏற்றி, பத்து மில்லி தீரும்வரை விநாடி எண்ணினாள். முப்பத்து மூன்று.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஞானசேகரன் அவள் தாளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“தப்பு. அம்பத்திரண்டு வரணும்.”

“மூணு வாட்டி எடுத்தேன் சார்.”

“அப்ப மூணு வாட்டியும் தப்பு. அடுத்த செமஸ்டர் வாம்மா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எஞ்சினையே பார்த்தாள். ஜம்புலிங்கம் நடுவே வந்து நின்றார்.

“சார், அந்தச் சார்ட்டு நான் கேன்டீன்ல குந்திகினு எழுதுனது. எஞ்சின் அன்னிக்கு ஓடவே இல்ல.”

“யோவ், மூணு கமிட்டி ஒத்துக்கிட்ட சார்ட்டு. நீ என்ன கமிட்டிக்கு மேலயா?”

“நீங்களே ஒரு தபா புடிச்சுப் பாருங்க சார்.”

ஞானசேகரன் ஸ்டாப் வாட்சை வாங்கிப் பிடித்தார். முப்பத்து மூன்று. மறுபடியும் பிடித்தார். ஆழ்ந்து யோசித்துத் தீர்ப்பு வழங்கினார்:

“எஞ்சின் ரிப்பேர்.”

ஜம்புலிங்கம் சுவரிடம் போனார். ஸ்டூல் மேல் ஏறித் தம் ஆராய்ச்சியைப் பிய்த்தெடுத்தார். சுண்ணாம்பும் கொஞ்சம் கூடவே வந்தது.

“ஐயையோ! இனிமே எதைப் பார்த்துய்யா மார்க் போடுறது?”

“எஞ்சின் ஓடிகினுதான் சார் கீது.”

ஞானசேகரன் வெறும் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் மார்க் போட்டுக் கையெழுத்திட்டார். எழிலரசி எஞ்சினை நிறுத்திவிட்டு, சிரிப்பை வாசல் வரை அடக்கிக்கொண்டு ஓடினாள்.

அடுத்து நின்ற மாணவன் விஜய் வெறும் சுவரைக் காட்டினான். “இன்னா அண்ணாத்தே இப்டி பண்ட்ட? ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணிகினு வந்தேன்!”

“வா நைனா, சுத்து.” ஜம்புலிங்கம் கைப்பிடியை நீட்டினார்.

விஜய் அதை வாங்கிக்கொண்டு எஞ்சினை ஒரு முறை வலம் வந்தான்.

“இத்த எங்க சொருவுறது?”