ஒற்றை ஷூ நடந்த விதம்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. வேலூர் லாங் பஜாரில் செல்போன் உறைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் செல்போன் ஸ்டாண்டுக்குப் பேரம் பேசியவர் சோபனா, ஆம்பூரில் ஒன்பதாம் வகுப்பு டீச்சர். “பிள்ளைங்க வீடியோ கதை எடுக்குதுங்க சார்” என்று ஆரம்பித்தார். ஸ்டாண்டை அவர் கொண்டுபோனார். கதையை நான் அமுக்கிக்கொண்டேன்.

2

பாலாற்றின் மணலில் பொழுது மெல்ல…

வேண்டாம், இந்தச் சரக்கு ஓடாது. நேராக வகுப்பறைக்குப் போவோம்.

மாணவி ஆஃப்ரீன் டீச்சர் மேசைமேல் ஒரு ஷூவை வைத்தாள். அவள் ‘அம்மி’ என்று கூப்பிடும் அம்மா பக்ருன்னிசா ஷூ ஃபேக்டரியில் தைப்பவர். தாம் தைத்த ஷூ நடந்து ஒருநாளும் பார்த்ததில்லை; எல்லாம் பெட்டியோடு கப்பலேறிவிடும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அதை வீடியோவில் நடக்கவைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆஃப்ரீனுக்கு.

“இன்னொரு ஷூ எங்கடீ?” என்றார் சோபனா.

வகுப்பே சிரித்தது. “மிஸ், இது கழிச்சுப்போட்ட சாம்பிள்! சாம்பிள்னா ஒத்தக்கால்தான் தைப்பாங்க!”

(டீச்சர் வேலூர்க்காரர், ஷூ ஊரான ஆம்பூரின் சங்கதி தெரியாது. மன்னித்துவிடுங்கள்.)

3

ஷூவை விரலளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி ஒரு போட்டோ. சேர்த்து ஓட்டினால் ஷூ நொண்டியடித்தது.

“எங்க அம்மி இத பாத்தா அழுதுடும்” என்றாள் ஆஃப்ரீன். அவளே அழுதுவிடுவாள் போலிருந்தது.

அதே வகுப்பு மேகலாவைக் கதையின் முதல் பிரதியில் வெட்டியிருந்தேன். வாயாடி, இடம் ஜாஸ்தி பிடிப்பாள். இப்போது அவள் இல்லாமல் கதை நகராது.

“மிஸ், போட்டோவ அப்படியே திருப்பிப் போடுங்க, கண்ணாடில தெரியற மாரி! லெஃப்ட் கால் வந்துடும்!”

சோபனாவின் விரல் போனை நோக்கிப் பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீங்களே பண்ணுங்க.”

பண்ணினார்கள். இடதுகால் முளைத்தது. போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டர் ஓடிவந்து, எட்டிப் பார்த்து, தானும் கத்தினார்.

4

ஜோடி ஷூ வராண்டாவில் நடந்து பள்ளி கேட்டுக்கு வந்தது. அப்புறம்?

“ரயில் ஏத்துவோம்” என்றாள் மேகலா. “ஒரு நல்ல கருத்து…” என்றார் சோபனா, யாரும் வாங்கவில்லை. படம் கேட்டிலேயே நின்றது.

5

சனிக்கிழமை. முதல் பெஞ்சில் பக்ருன்னிசா. திரையில் வலது, இடது, வலது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஷூக்கள் கேட்டில் நின்றன.

“அம்மி, எங்க போவட்டும்?” என்று கேட்டாள் ஆஃப்ரீன்.

பக்ருன்னிசா எழுந்து திரைக்கே போனார். “இருங்க, நானும் வர்றேன்” என்றார் ஷூக்களிடம். திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்.

மேகலா போனைத் தூக்கிவிட்டாள், ரெக்கார்டிங் ஓடுகிறது. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன, எதையும் விற்பதாக இல்லை. அவர் எந்தப் பக்கம் போகட்டும், நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், அவர் கேட்டைத் தாண்டிவிட்டார்.